ரோமாபுரி விழுந்தபோது சபை என்ன செய்தது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"வேகமாக மாறும் உலகில் கிறிஸ்தவன்" என்ற தலைப்பைச் செயலாளர் அண்ணன் எனக்குக் கொடுத்தார். தலைப்பு பெரியது. நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. குடிநீர்த் திட்டங்களுக்குக் குழாய் போடுகிற சிவில் இன்ஜினியர். பிரசங்கம் கேட்க வேண்டுமானால் நாளைக் காலை ஆராதனையில் ஆயர் ஐயா இருக்கிறார். அவர் வேலையில் நான் கைவைக்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது தண்ணீர். கூடவே கொஞ்சம் சரித்திரம் வாசிக்கிற பழக்கம் உண்டு. ஆகவே தண்ணீர் நின்றுபோன ஒரு நகரத்தைப் பற்றியும், அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றியும் சொல்கிறேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதை உங்களுக்கும் ஆகும் என்றே நினைக்கிறேன்.

காலையில் விடுதிப் பக்கம் போனபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நாங்க படிக்கிறது நாலு வருஷம் கழிச்சு செல்லுமா?" கேள்வியில் விளையாட்டு இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு எல்லா அலுவலகத்திலும் இந்தக் கேள்வி நடமாடுகிறது. எங்கள் அலுவலகத்தில் முன்பு நாலைந்து பேர் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்ட கணக்கை இப்போது ஒருவர் இரண்டு நாளில் முடிக்கிறார். வீட்டுக்குப் போனால் வேறு மாதிரி. கிராமத்துச் சபையில் பாதி பெஞ்சு காலி. பிள்ளைகள் சென்னையில், துபாயில், மெல்போர்னில். இருக்கிற பெரியவர்கள், "கடைசி காலம் வந்துடுச்சு தம்பி" என்கிறார்கள். கடைசி காலத்தைப் பற்றி நான் பேச மாட்டேன். ஆனால் இதற்கு முன்பும் ஒருமுறை கிறிஸ்தவர்கள் எல்லாரும் சேர்ந்து இப்படிச் சொன்னார்கள். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

கி.பி. 408. கோத்தியர் தலைவன் அலாரிக் ரோமாபுரியை முற்றுகையிடுகிறான். விலகிப் போக அவன் கேட்ட விலை: 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், சிவப்புச் சாயம் தோய்த்த 3,000 தோல்கள், அதோடு 3,000 ராத்தல் மிளகு. மிளகு எங்கே விளைந்தது? நம்ம பக்கத்து மலையில்தான், பழைய சேர நாட்டில். முசிறியில் கப்பலேறிய சரக்கு, ஒரு நகரத்தின் உயிருக்குப் பிணைப்பொருள் ஆகிவிட்டது. அந்த விலையைக் கொடுத்தும் பிரச்சினை தீரவில்லை. 410 ஆகஸ்டு 24 அன்று அவன் ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். மூன்று நாள் கொள்ளை.

அப்போது பேரரசன் ஹொனோரியஸ் ரோமாபுரியிலேயே இல்லை, ராவென்னாவில் இருந்தான். "ரோமா அழிந்தது" என்று ஓர் ஊழியன் வந்து சொன்னபோது, ரோமா என்று தான் பேர் வைத்து வளர்த்த கோழிதான் செத்துப்போச்சு என்று அலறினானாம். நகரம்தான் என்று தெரிந்ததும் மூச்சு வந்ததாம். பிரொக்கோப்பியஸ் என்ற சரித்திர ஆசிரியர் நூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதிய கதை இது. நடந்திருக்காது. ஆனால் ஜனங்கள் தங்கள் தலைவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது தெரிகிறது.

நகரம் முழுவதும் எரியவில்லை. பேதுரு, பவுல் பெயரில் இருந்த ஆலயங்களில் ஓடி ஒளிந்தவர்களைக் கோத்தியர் தொடவில்லை. அவர்களும் ஒரு வகைக் கிறிஸ்தவர்கள்தான், ஆரியஸின் போதனையைப் பின்பற்றியவர்கள். உண்மையில் அடி விழுந்தது மனதில். ஏறக்குறைய 800 ஆண்டுகளாக எந்த எதிரியும் நுழையாத ஊர் அது. பெத்லகேமில் எசேக்கியேலுக்கு விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்த ஜெரோம், செய்தி கேட்டு எழுதுவதையே நிறுத்திவிட்டார். அவருடைய பழைய தோழி மார்செல்லா என்ற முதிய விதவையைச் சிப்பாய்கள் அடித்தார்கள்; சில நாளில் அந்த அம்மா இறந்துபோனார். ஒருகாலத்தில் பெரிய வீட்டில் இருந்தவர்கள் அகதிகளாக பெத்லகேம் வாசலில் வந்து நின்றார்கள். ஜெரோமுக்கு உலகமே முடிந்தது போலத்தான் தோன்றியது.

ஏன் அப்படித் தோன்றியது? இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அதற்கு நூறு ஆண்டுக்கு முன் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாக மாறினான். யூசேபியஸ் போன்ற ஆயர்கள், கடவுளுடைய திட்டமே இந்தப் பேரரசுதான் என்கிற அளவுக்கு எழுதினார்கள். 380இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரசாங்க மதமாகவே ஆக்கிவிட்டான். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டில் பழைய கோயில்களில் பலி கொடுப்பது சட்டவிரோதம் ஆனது. சபையும் சாம்ராஜ்யமும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போடப்பட்டன. சாம்ராஜ்யம் ஆடினபோது சபையும் சேர்ந்து ஆடியது. எதிர்ப்பக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. "எங்க தெய்வங்களைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தவரைக்கும் ஊர் நல்லா இருந்தது, நீங்க வந்தீங்க, போச்சு" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் வழிபாட்டைத் தடை செய்தவர்களைப் பார்த்து வேறு என்ன சொல்வார்கள்?

இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவர்தான் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்ற துறைமுக ஊரின் ஆயர் அகஸ்டின். 413இல் தொடங்கி 426இல் முடித்தார். 22 புத்தகங்கள் கொண்ட 'கடவுளின் நகரம்'. நம்மில் அதை முழுதாக வாசித்தவர் எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் தர்மசங்கடப்படுத்த மாட்டேன். எனக்கே மூன்று வருஷம் பிடித்தது. அவர் முதலில் செய்த காரியம், அந்த முடிச்சை அவிழ்த்தது. ரோமாபுரி கடவுளின் நகரம் இல்லை. கடவுளின் நகரத்தார் எல்லா ஊரிலும் கலந்து கிடக்கிறார்கள். முடிவு வரைக்கும் கலந்துதான் கிடப்பார்கள். அதனால் ரோமாபுரி விழுந்தால் விழட்டும் என்று அவர் விட்டுவிட்டாரா? இல்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை நினைவூட்டுகிறார்: நீங்கள் இருக்கிற ஊரின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பது அதன் சாரம். ஊர் உங்களுடையது இல்லாமல் இருக்கலாம்; தண்ணீர்த் தொட்டி எல்லாருக்கும் பொதுதானே.

தன்னுடைய ஜனங்களையும் அவர் தப்பவிடவில்லை. ரோமாபுரியிலிருந்து ஓடிவந்த அகதிகளில் சிலர், கார்த்தேஜில் கரையிறங்கியதும் நேரே நாடகக் கொட்டகைக்குப் போனார்களாம். உலகமே உங்களுக்காக அழுகிறது, நீங்கள் கூத்துப் பார்க்கிறீர்களே என்று முதல் புத்தகத்திலேயே சாடுகிறார். ஊர் எரிந்த வீடியோவை அனுப்பிவிட்டு அடுத்த நிமிஷம் ரீல்ஸ் பார்க்கிறவர்கள் நமக்குப் புதுசு. அவருக்குப் புதுசு இல்லை.

ஆனால் நான் இன்று உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தப் பெரிய புத்தகம் இல்லை. ஒரு கடிதம். 429 வாக்கில் வண்டாலர் கூட்டம் ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டது. ஊர் ஊராக விழுகிறது. ஹொனோராட்டஸ் என்ற ஓர் ஆயர் அகஸ்டினிடம் கேட்டார்: நாங்கள் ஓடலாமா, இருக்க வேண்டுமா? ஒரு ஊரில் துன்பம் வந்தால் மறு ஊருக்கு ஓடுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்டார்.

அகஸ்டின் சொன்ன பதிலை என் வார்த்தையில் சொல்கிறேன். உன் ஒருவனை மட்டும் தேடி வருகிறார்கள் என்றால் ஓடு. அத்தனேசியுஸ் ஓடினார், பவுலைக் கூடையில் வைத்து மதில்மேல் இருந்து இறக்கினார்கள்; தப்பு இல்லை. எல்லாருமே கிளம்பிப் போகிறார்கள் என்றால் நீயும் கூடப் போ. ஆனால் ஆபத்து எல்லாருக்கும் பொது, போக வழியில்லாத ஜனங்கள் ஊரில் மிச்சம் இருக்கிறார்கள், அவர்களுக்கு உன் ஊழியம் வேண்டியிருக்கிறது என்றால், நீ போகக் கூடாது. அடுத்து ஒன்று சொல்கிறார், அதுதான் எனக்குப் பிடித்தது. இருக்கிற ஊழியர் எல்லாருமே சாகத் தேவையில்லை, பின்னால் வருகிறவர்களுக்கும் ஆள் வேண்டும். ஆகவே சிலர் போகலாம். யார் போவது, யார் இருப்பது என்று உங்களுக்குள் தகராறு வந்தால் சீட்டுப் போடுங்கள் என்கிறார்.

சீட்டு! எவ்வளவு யோசித்துச் சொல்லியிருக்கிறார் பாருங்க. போகிறவன் கோழை என்ற பேச்சுக்கும் இருக்கிறவன் தியாகி என்ற பேச்சுக்கும் இடமே இல்லாமல் செய்துவிட்டார்.

இந்த அரங்கில் பாதிப்பேர் போனவர்கள். நானும் நாலு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவன். அந்தப் பணத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. போனதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் உட்கார்ந்து பேசுவதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் வெளிநாடு. அம்மா அப்பா ஊரில், கேமரா வைத்த வீட்டில். யார் இருக்கப் போகிறோம் என்று எந்தக் கிறிஸ்மஸுக்கும் நாம் சீட்டுப் போட்டது இல்லை. யாருக்கு விசா முதலில் வந்ததோ அவர் போனார். விசா வராதவர் இருந்தார். இருந்தவருக்கு மனசுக்குள் ஒரு குறை, போனவருக்கு மனசுக்குள் ஒரு குறை.

அகஸ்டின் தான் எழுதினபடியே இருந்தார். 430இல் வண்டாலர் ஹிப்போவை முற்றுகையிட்டார்கள். மூன்றாவது மாதம் காய்ச்சலில் படுத்தார். பாவ அறிக்கைச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி, படுக்கையிலிருந்தே வாசித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டு 28 அன்று இறந்தார். அவர் நண்பர் பொசிடியஸ் கூடவே இருந்து இதையெல்லாம் எழுதிவைத்தார். ஊர் பின்னால் பெரும்பாலும் எரிந்துபோனாலும், அகஸ்டினின் நூலகம் தப்பியது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வட ஆப்பிரிக்கச் சபை, அடுத்த சில நூற்றாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஏறக்குறைய இல்லாமலே போனது. ஹிப்போ இன்று அல்ஜீரியாவில் அன்னாபா. சபை எந்த ஊரிலும் நிரந்தரம் என்று வாக்குத்தத்தம் கிடையாது. புத்தகங்கள் கடல் தாண்டிப் போயிருந்ததால் பிழைத்தன.

இனி என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். தண்ணீர்.

சாம்ராஜ்யம் எந்தத் தேதியில் விழுந்தது என்று பள்ளியில் கேட்டால் 476 என்று எழுதுவோம். கடைசிப் பேரரசனான பையன் ரோமுலுஸை ஒடோவாக்கர் இறக்கிவிட்ட ஆண்டு. அன்று ரோமாபுரியில் குழாயைத் திறந்தவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. தண்ணீர் வந்தது. முதல் கால்வாய் கி.மு. 312இல் கட்டப்பட்டது, கி.பி. 226க்குள் பதினொன்று ஆகிவிட்டன. இந்தக் கால்வாய்கள் எப்படிப்பட்ட வேலை என்பதற்கு ஒரே உதாரணம் சொல்கிறேன். பிரான்சில் நீம் நகரத்துக்குப் போன ரோமக் கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் நீளம். மொத்த இறக்கம் சுமார் 12.6 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர்! டோட்டல் ஸ்டேஷன் கையில் இருக்கிற நமக்கே வியர்க்கிற வேலை.

கி.பி. 97இல் ரோமாபுரியின் தண்ணீர் வாரியத்துக்குத் தலைவராக ஃப்ரோன்டினஸ் என்பவர் வந்தார். முன்பு பிரிட்டனில் ஆளுநராக இருந்த பெரிய மனிதர். வந்ததும் என்ன செய்தார்? கால்வாய் கால்வாயாகப் போய்ப் பார்த்தார், வரைபடம் போடச் சொன்னார், எல்லாவற்றையும் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். கணக்குப் புத்தகத்தில் உள்ள அளவுக்கும் அவர் அளந்த அளவுக்கும் பொருத்தம் இல்லை. தெருவுக்கு அடியில் போகிற ஈயக் குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் விற்கிற ஒரு கூட்டமே இருந்தது. அந்த வேலைக்குத் தனிப் பெயரே உண்டு! (இதைப் படித்தபோது அலுவலகத்தில் உரக்கச் சிரித்துவிட்டேன்.) பராமரிப்புக்கு 700 பேர் இருந்தார்கள். அனைவரும் அடிமைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புப் படிவத்தைச் சுரண்டுவது, கசிவை அடைப்பது, மரத்தின் வேர் கட்டுமானத்தில் இறங்காமல் பார்ப்பது என்று ஓயாத வேலை.

குடிநீர்த் துறையில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும்: கட்டுகிறவனுக்குக் கல்வெட்டு, பராமரிக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை.

537. கோத்திய அரசன் விட்டிகஸ் ரோமாபுரியை முற்றுகையிட்டான். உள்ளே கிழக்குப் பேரரசின் தளபதி பெலிசாரியஸ். விட்டிகஸ் எல்லாக் கால்வாய்களையும் அறுத்தான். பெலிசாரியஸ் பங்குக்குக் கால்வாய் வாய்களை உள்ளிருந்து கல் வைத்து அடைத்தார். ஏன் என்றால் அவருக்கே தெரியும்: முந்தின ஆண்டு நேப்பிள்ஸ் நகரத்துக்குள் அவர் ஆட்கள் நுழைந்ததே வறண்ட கால்வாய் வழியாகத்தான். தண்ணீர் நின்றதும் குளிக்குமிடங்கள் மூடின. அதைவிடப் பெரிய பிரச்சினை மாவு. நகரத்தின் மாவரைக்கும் ஆலைகள் கால்வாய்த் தண்ணீரில் ஓடின. பெலிசாரியஸ் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு படகுகளை ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, நடுவில் சக்கரத்தை வைத்து, படகின்மேல் திரிகையை ஏற்றினார். ஆற்று ஓட்டத்திலேயே மாவு அரைபட்டது. டைபர் ஆற்றில் அந்தப் படகு ஆலைகள் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்தன. முற்றுகையில் அவசரத்துக்குச் செய்தது, பதின்மூன்று நூற்றாண்டு ஓடியது.

ஆனால் கால்வாய்கள்? முற்றுகை ஓராண்டும் சில நாட்களும் நீடித்துப் பின் விலகியது. சிலவற்றை ஓரளவு சரிசெய்தார்கள். பழைய நிலைக்கு வரவே இல்லை. கல் இருந்தது, வளைவு இருந்தது. வேலை தெரிந்த 700 பேர் இல்லை, அவர்களுக்குச் சோறு போட வரிப்பணம் இல்லை. பத்து லட்சம் பேர் இருந்ததாகக் கணக்கிடப்படும் நகரம், சில பத்தாயிரங்களாகச் சுருங்கி, ஆற்றோரத்துக்கு வந்து குந்தியது.

பிரையன் வார்டு-பெர்க்கின்ஸ் என்ற சரித்திரப் பேராசிரியர் 2005இல் ஒரு புத்தகம் எழுதினார். ராஜாக்களை விட்டுவிட்டு, பானையையும் ஓட்டையும் எண்ணிப் பார்த்தார். ரோமர் காலத்து இத்தாலியில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஓடு போட்டிருந்தார்கள். பின்னால் ஆலயத்துக்கும் சில பெரிய வீடுகளுக்கும்தான் ஓடு. பிரிட்டனில் குயவரின் சக்கரமே காணாமல் போனது! அவர் சொல்லும் காரணம் யோசிக்க வேண்டியது. ரோமர் காலத்தில் ஒவ்வொருவனும் ஒரே வேலையில் கெட்டிக்காரன். மற்ற எல்லாவற்றையும் தூரத்து ஊரிலிருந்து வாங்கினான். பாதை அறுந்த அன்று, தன் வீட்டுக்கு ஒரு சட்டி செய்யக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது நம்ம பக்கம். வேலை விஷயமாக எத்தனையோ ஊர்களுக்குப் போகிறேன். பல ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிற பெரியவர் ஒருவர் இருப்பார். எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எத்தனை சுற்றுத் திருப்பினால் மேட்டுத்தெருவுக்கு ஏறும், எந்த இணைப்பு எந்த வருஷம் மண்ணுக்குள் போனது, எல்லாம் அவர் தலைக்குள். வரைபடம் எங்கே என்று கேட்டால் சிரிப்பார். அவர் போனால் அந்த ஊரின் ஃப்ரோன்டினஸ் போனார். கம்ப்யூட்டர் நம்மைவிட வேகமாகக் கணக்குப் போடும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெரியவர் தலையில் இருப்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. யாரும் போய்க் கேட்டு எழுதவில்லை. விடுதியில் கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: உன் டிகிரி செல்லுமா என்று எனக்குத் தெரியாது. லெவல் எடுக்க, பம்பைக் கழற்றி மாட்ட, எழுதாமல் கிடப்பதைப் போய்க் கேட்டு எழுதக் கற்றுக்கொள். அதற்கு ஊரில் எப்போதும் ஆள் தேவை.

சபைக்கதைக்குத் திரும்புகிறேன். இரண்டு பேரைப் பற்றி மட்டும்.

முதலாமவர் செவரினஸ். இன்றைய ஆஸ்திரியாவில், டான்யூப் கரையில், எல்லைப்புற ஊர்களில் இருந்தவர். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆயரும் இல்லை, அதிகாரியும் இல்லை. சாம்ராஜ்யம் அங்கே எப்படி முடிந்தது என்பதை அவர் வரலாற்றை 511இல் எழுதிய யூஜிப்பியஸ் சொல்கிறார். எல்லைக் காவல் சிப்பாய்களுக்குச் சம்பளம் வரவில்லை. ஒரு படைப்பிரிவு மட்டும் கலையாமல் இருந்தது. அதில் சில பேர், தோழர்களுக்குச் சேரவேண்டிய கடைசிச் சம்பளத்தை வாங்கி வர இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். வழியில் கொல்லப்பட்டார்கள். ஆற்றில் உடல்கள் மிதந்து வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஒரு பேரரசு முடிந்ததை இதைவிடத் துக்கமாகச் சொன்ன இடம் நான் வாசித்ததில் இல்லை.

செவரினஸ் செய்தது எல்லாம் சின்ன வேலை. விளைச்சலில் பத்தில் ஒன்றும் துணிமணியும் சேர்த்து ஏழைகளுக்குக் கொடுத்தார். சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்டார். பஞ்சத்தில் தானியத்தைப் பதுக்கிய புரோக்குலா என்ற பணக்கார விதவையைச் சபை நடுவிலேயே கேட்டார். அந்த அம்மாள் பயந்து எடுத்துக் கொடுத்தாள். எந்த ஊரைக் காக்க முடியாதோ அந்த ஊரை விட்டுக் கிளம்புங்கள் என்றும் சொன்னார். 482இல் இறந்தார். 488இல் மிச்சமிருந்த ஜனங்கள் இத்தாலிக்குக் குடிபெயர்ந்தபோது அவர் உடலையும் வண்டியில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டாமவர் காசியோடோரஸ். கோத்திய அரசர்களிடம் பெரிய உத்தியோகம் பார்த்தவர். ரோமாபுரியில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கத் திட்டம் போட்டார். 535-36இல் போப் அகப்பெத்துஸோடு சேர்ந்து பணமும் திரட்டப் பார்த்தார். போர் வந்தது, திட்டம் போச்சு. உத்தியோகமும் போச்சு. பிறகு தெற்கு இத்தாலியில் தன் சொந்த நிலத்தில் ஒரு மடம் கட்டினார். பெயர் விவாரியம், மீன்குளம் என்று அர்த்தம். அங்கே புத்தகம் பார்த்தெழுதுவதையே ஊழியமாக்கினார். வேதாகமம் மட்டும் இல்லை. வைத்தியப் பிரிவுக்குப் பொறுப்பானவர்கள் மூலிகை நூலும் கேலனும் வாசிக்க வேண்டும் என்றார். படிப்பு ஏறாதவர்கள் தோட்ட வேலை நூல்களைப் பார்த்துச் செய்யட்டும் என்றார். இரவில் எழுதுகிறவர்களுக்காகத் தானாகவே எண்ணெய் இறங்குகிற விளக்கும், மேகமூட்ட நாளுக்குத் தண்ணீர்க் கடிகாரமும் செய்துவைத்தார். நம்ம ஆள்! 93ஆவது வயதில், தன் மடத்துச் சகோதரர்கள் எழுத்துப் பிழை விடுகிறார்கள் என்று எழுத்திலக்கணப் புத்தகம் ஒன்று எழுதினார்.

அவர் இறந்தபின் அந்த மடமும் நெடுநாள் நிலைக்கவில்லை. கல்லூரித் திட்டம் தோல்வி, மடம் மறைந்தது. பார்த்தெழுதிய பிரதிகள் மட்டும் கைமாறிக் கைமாறி ரோமாபுரிக்கும் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தன.

இதைச் சொல்லும்போது ஐரோப்பிய மடங்கள்தான் எல்லாவற்றையும் காப்பாற்றின என்று பெருமை பேசுவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. கிழக்கில் கான்ஸ்டான்டினோபிள் அந்தக் காலத்தில் விழவில்லை. பாக்தாத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ வைத்தியர், கேலனின் நூல்களைச் சிரியாக்குக்கும் அரபுக்கும் கொண்டுவந்தார். டைபரில் படகு ஆலை மிதந்துகொண்டிருந்த அதே 6ஆம் நூற்றாண்டில், காஸ்மாஸ் என்ற வணிகர், மிளகு விளைகிற மலே நாட்டில், அதாவது நம் மலபாரில், கிறிஸ்தவச் சபை இருப்பதாக எழுதிவைத்தார். ரோமாபுரி விழுந்ததை அந்தச் சபை எப்போது கேள்விப்பட்டதோ!

ஃப்ரோன்டினஸின் சிறு புத்தகம் என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பெனடிக்ட் 529 வாக்கில் தொடங்கிய மான்டே காசினோ மடத்தில், 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி அதைப் பார்த்தெழுதினார். குழாய் விட்டக் கணக்கு அவருக்குப் புரிந்ததா என்பது சந்தேகமே. சில எண்கள் தப்பாகத்தான் இருக்கின்றன. 1429இல் போஜ்ஜோ பிராச்சியோலினி என்பவர் அங்கே போய் அதைக் கண்டெடுத்தார். நான் வாசித்த ஃப்ரோன்டினஸ் அந்தப் பிரதியிலிருந்து வந்தவர்தான்.

நேரம் ஆகிவிட்டது. சங்கத்தின் முன் இரண்டு காரியங்களை வைக்கிறேன். பொதுக்குழுவில் மூன்றாவது பொருளாகச் சேர்க்கச் செயலாளர் அண்ணன் சம்மதித்திருக்கிறார்.

ஒன்று, நம் பகுதிக் கிராமச் சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். நூறு வருஷத்துக்கு மேல் பழையவை பல உண்டு. கரையான் பாதியைத் தின்றாயிற்று. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, இரண்டு ஊரில் இரண்டு பிரதி வைக்க வேண்டும். கூடவே அந்தந்த ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிற பெரியவரிடம் உட்கார்ந்து வால்வு வரைபடமும் எழுதி வாங்கி வரலாம். அவர் எந்த மதமானாலும் சரி.

மற்றது, வெளிநாட்டில் இருப்பவர்கள் சம்பந்தப்பட்டது. ஊரில் தனியாக இருக்கிற நம் உறுப்பினர்களின் பெற்றோர் பட்டியல் ஒன்று போட வேண்டும். உள்ளூரில் இருக்கிற நாங்கள் மாதம் ஒருமுறை முறைவைத்துப் போய்ப் பார்க்கிறோம். யாருக்கு எந்த வீடு என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்கிறோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வண்டிச் செலவு, மருந்துச் செலவு எல்லாம் வெளியே இருக்கிறவர்கள் ஏற்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு இந்த மலரிலேயே அச்சாகட்டும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக நூலகத்துக்கு வெளியே மேஜைமேல் இரண்டு நோட்டு வைத்திருக்கிறோம். பச்சை அட்டை பதிவேட்டு வேலைக்கு, சிவப்பு அட்டை பெற்றோர் பட்டியலுக்கு. மாணவர்கள் பச்சை நோட்டில் எழுதுங்கள்; கேமரா உள்ள போனும் இரண்டு சனிக்கிழமையும் இருந்தால் போதும்.